பழைய ஜென்னா, சொகுசு செடானா? ரெண்டும் வாசல்ல நிக்கறவன் சொல்றேன்

கேள்வி, 2 ஆகஸ்ட் 2025

வணக்கம்ங்க. வீட்ல 2003 மாடல் மாருதி ஜென் இருக்குதுங்க, மாமா ஓட்டினது, நல்லாத்தான் ஓடுது. இப்ப டெல்லி நம்பர் ஜெர்மன் செடான் ஒண்ணு 13 லட்சத்துக்கு வருது, 2018 டீசல், 52 ஆயிரம் கி.மீ. தான் ஓடியிருக்கு. ஜென்னைத் தள்ளிவிட்டுட்டு அதை எடுத்துரலாங்களா? தினம் கடைக்குப் போக வர எட்டு கிலோமீட்டர், மாசம் ஒருக்கா பழனி. ஊரு உடுமலை.

2 ஆகஸ்ட்

எடுக்காதீங்க.

எடுத்த எடுப்புல சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. எங்கிட்ட 2001 ஜென்னும் இருக்கு, 2018 ஜெர்மன் செடானும் இருக்கு. ஜென் அப்பா வாங்கினது. செடான் மச்சான் வெளிநாடு போறப்ப 2022ல என் தலைல கட்டிட்டுப் போனது. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், சொன்னா அதோட ரசிகர் மன்றம் சண்டைக்கு வந்துரும், பேச்சு திசை மாறிரும். உங்க எட்டு கிலோமீட்டருக்கு அந்த வண்டி சூடாகறதுக்குள்ள கடை வந்துரும். டீசலுக்கு அதுதான் விஷம். மீதி ராத்திரி எழுதறேன்.

2 ஆகஸ்ட், ராத்திரி 11 மணி

ஏன் விஷம்னா, இப்ப வர்ற டீசல் வண்டில சைலன்ஸர் பக்கம் ஒரு வடிகட்டி இருக்கும், டிபிஎஃப்னு சொல்லுவாங்க. புகையில வர்ற கரியை அது பிடிச்சு வெச்சுக்கும், வண்டி ஹைவேல நல்ல சூட்டுல ஓடறப்ப அந்தக் கரியை தானே எரிச்சுக்கும். டவுனுக்குள்ளயே உருட்டிட்டிருந்தா எரிக்க வாய்ப்பே கிடைக்காது, அடைச்சுக்கும், டேஷ்போர்டுல மஞ்சள் லைட்டு வரும். எங்க வீட்ல பொண்ணை ஸ்கூல்ல விட மூணு கிலோமீட்டர் போக மூணு கிலோமீட்டர் வர, இதே வேலை நாலு மாசம். லைட்டு வந்துருச்சு. சர்வீஸ்ல கேட்டா "ஹைவேல இருபது நிமிஷம் ஓட்டுங்க சார், சரியாயிரும்"ங்கறாங்க. அதனால நான் என்ன பண்றேன், பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா ராத்திரி பத்து மணிக்கு மேல கோயமுத்தூர் நீலாம்பூர்ல ஹைவே ஏறி செங்கப்பள்ளி வரைக்கும் போறேன், ஒரு டீ குடிக்கறேன், திரும்பி வர்றேன். கரி எரிக்க டீசல் எரிக்கறேன். வீட்டுக்காரம்மா முதல் ரெண்டு தடவை நம்பவே இல்ல, மூணாவது தடவை கூடவே வந்து உக்காந்துட்டாங்க.

ஜென்ல இந்த வேலையெல்லாம் கிடையாது. 993 சிசி, அலுமினிய இன்ஜின், மொத்த எடையே 600 கிலோ. சாவி போட்டா கிளம்பும், கடை வந்தா நிக்கும்.

4 ஆகஸ்ட்

திருத்தம். 600 கிலோன்னு எழுதினது தப்பு, மாருதி 800 நினைப்புல எழுதிட்டேன். ஜென் முக்கால் டன்னை ஒட்டி வரும். சுட்டிக்காட்டின ஈரோட்டு நண்பருக்கு நன்றி, ஆனா "இதுகூடத் தெரியாம ரெண்டு கார் வெச்சிருக்கீங்களா"ன்னு கேட்டது கொஞ்சம் ஓவருங்க.

நம்ம செடான் 1.6 டன். அதாவது ரெண்டு ஜென்னைக் கட்டித் தூக்கினாலும் தராசு அந்தப் பக்கமே நிக்கும். 190 பிஹெச்பி இருக்குன்னா அது அந்த உடம்பை இழுக்கறதுக்கும் சேத்துத்தான்.

4 ஆகஸ்ட், கொஞ்சம் கழிச்சு

ஜென்ல டீசலே வரலைன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்லியிருக்கார். வந்துச்சுங்க. 1998ல பிஜோ கம்பெனியோட 1.5 லிட்டர் இன்ஜினைப் போட்டு வித்தாங்க. எங்க தெருவுல ஒரு நூல் வியாபாரி வெச்சிருந்தார், அவர் ஸ்டார்ட் பண்ணினா தெருவே எந்திரிச்சுக்கும். ஜென்னுங்கற பேருக்கு "ஜீரோ இன்ஜின் நாய்ஸ்"னு விரிவு சொல்லுவாங்க. அவர் வண்டிக்கு அது எதுவுமே பொருந்தாது.

5 ஆகஸ்ட்

மைலேஜ் பத்தி கேட்டிருந்தீங்க. ஜென் டவுன்ல 18 குடுக்கும்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்கு முன்னாடி அப்பா டைரியை எடுத்துப் பாத்துட்டேன். அவர் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டப்பவும் தேதி, மீட்டர், லிட்டர் மூணும் எழுதி வெச்சிருக்கார், 2001ல இருந்து 2014 வரைக்கும், டைரி தீர்ந்தா அடுத்த டைரி. நல்லா இருந்த காலத்துலயே டவுன்ல 14, 15 தான். 18ங்கறது ஒரே ஒரு தடவை, 2004ல மதுரை போய்ட்டு வந்தப்ப, பக்கத்துல "ஏசி போடவில்லை"ன்னு சிவப்பு மையில எழுதியிருக்கு.

செடான் டவுன்ல 12, ஹைவேல 19 சாதாரணமா வருது. 1.6 டன்னை இழுத்துக்கிட்டு 19. ஹைவே கணக்குல ஜென் தோத்துருச்சு, ஒத்துக்கறேன்.

9 ஆகஸ்ட்

சனிக்கிழமை, நேரம் இருக்கு, வால்பாறை கதையைச் சொல்லிடறேன். ஒரே ரோட்டுல ரெண்டு வண்டியும் ஓட்டினவன்ங்கறதால சொல்றேன்.

ஆழியார் தாண்டினதும் 40 கொண்டை ஊசி வளைவு. ஜென்ல ஏறினது 2019 டிசம்பர். கிளட்ச் கேபிள் இழுவையா இருக்கு மாத்திருங்கன்னு சிங்காநல்லூர் பட்டறைல மெக்கானிக் அண்ணன் மூணு மாசமா சொல்லிட்டே இருந்தார், நான் தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். அது வேற எங்கயும் அறுகல, இருபத்தி ரெண்டாவது வளைவுல அறுந்துச்சு. பெடல் அப்படியே தரையோட ஒட்டிக்கிச்சு. பின்னாடி பஸ்ஸு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு அவருக்கு போன் அடிச்சேன். "பதறாதீங்க சார், ஆஃப் பண்ணிட்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டு அப்படியே செல்ப் அடிங்க, வண்டி துள்ளிட்டு கிளம்பிரும், நிறுத்தாம போய்ட்டே இருங்க"ன்னார். துள்ளிட்டுத்தான் கிளம்புச்சு. மீதி 18 வளைவும் ஃபர்ஸ்ட் கியர்லயே ஏறினேன். எதுக்க வந்த டீத்தூள் லாரிக்காரர் என் மூஞ்சியைப் பாத்தே ஒதுங்கி நின்னுட்டார். வால்பாறைல ஒரு பட்டறைல கேபிளும் கூலியும் சேத்து 650 ரூபா, முக்கா மணி நேரம், அதுல பாதி அவர் சாப்பிட்டுட்டு வந்த நேரம்.

செடான்ல ஏறினது 2023. ஏறுறது ஒரு சொகம்தான், பொய் சொல்லக்கூடாது, வளைவு முடிஞ்சு காலை வெச்சா மலையே பின்னாடி போற மாதிரி இருக்கும். ஆனா வளைவுக்குள்ள மூக்கு எங்க முடியுதுன்னே தெரியல, மூணு இடத்துல ரிவர்ஸ் எடுத்துத் திருப்பினேன். ஒன்பதாவது வளைவுல வியூ பாயிண்ட்டு பக்கம் நிறுத்தினா யாரும் காட்சியைப் பாக்கல, எல்லாரும் வண்டியைத்தான் பாத்தாங்க, நான் யாராவது சாவியால கீறிருவாங்களோன்னு அதையே பாத்துட்டு நின்னேன். ஆழியார் அணை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்கு நினைவில்ல.

9 ஆகஸ்ட், ராத்திரி

எழுதினதைத் திருப்பிப் படிச்சேன். கேபிள் அறுந்தது நான் பண்ணின அசட்டுத்தனம், அதையே ஏதோ ஜென்னோட பெருமை மாதிரி எழுதியிருக்கேன். பின்னாடி இருந்த பஸ்ஸுக்காரர் தூங்கிட்டிருந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

13 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவருக்கு. டெல்லி வண்டி ஏன் மலிவா வருதுன்னு யோசிச்சீங்களா? அங்க பத்து வருஷம் தாண்டின டீசலும் பதினஞ்சு தாண்டின பெட்ரோலும் ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2015ல சொல்லுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. அப்போ 2018 டீசலுக்கு அங்க 2028ல ஆயுசு முடியுது, அதான் தள்ளிவிடறாங்க. நேத்து சுப்ரீம் கோர்ட் அந்த ஓனர்கள் மேல இப்போதைக்குக் கடும் நடவடிக்கை வேண்டாம்னு சொல்லியிருக்கு, அதனால நாளைக்கே விலை ஏறினாலும் ஏறும்.

விலையோட முடியாது. அங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க லைஃப் டாக்ஸ் திரும்பக் கட்டணும், அதுவும் நீங்க குடுக்கற 13 லட்சத்தை வெச்சு இல்ல, வண்டி புதுசா இருந்தப்ப என்ன விலையோ அதை வெச்சு வயசுக்குத் தகுந்த மாதிரி. புரோக்கர் இதைச் சொன்னாரா? சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடில சேத்துக் கறை இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டி. டிக்கில மேட்டைத் தூக்கிப் பாருங்க.

13 ஆகஸ்ட்

டிக்கின்னதும் ஞாபகம் வருது, மேட்டைத் தூக்கினா ஸ்டெப்னி இருக்கான்னும் பாருங்க. என் வண்டில கிடையாது. ரன் ஃபிளாட் டயராம், காத்து போனாலும் 80 கி.மீ. வேகத்துக்குள்ள 80 கி.மீ. தூரம் ஓடுமாம். ஆணி ஏறினா அது சரி. எனக்கு ஆணி ஏறல, பல்லடம் பக்கம் ராத்திரி ஒரு குழில இறங்கி டயரோட பக்கவாட்டுச் சதையே கிழிஞ்சிருச்சு. டயர் கடைக்காரர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "இந்த சைஸு கண்ணுலயே பாத்ததில்லீங்ணா"ன்னார். ரெண்டு நாள் அவர் கடை வாசல்லயே வண்டி நின்னுச்சு, டயர் ஒண்ணு 21,500 ரூபா. ஜோடியா மாத்தணும்னு அப்புறமேட்டுக்குச் சொன்னாங்க.

அந்த ரெண்டு நாள் நான் ஆபீஸ் போனது எதுலன்னு சொல்லணுமா?

24 ஆகஸ்ட்

ஜென் கட்சிக்காரங்களுக்குக் கெட்ட செய்தி. இருபது வருஷம் தாண்டின காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க 10,000 ரூபா ஆக்கிட்டாங்க. 600ஆ இருந்தது, 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, இப்ப 10,000. என் வண்டிக்கு 2016லயும் 2021லயும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிச்சாச்சு, அடுத்தது 2026. பசுமை வரி தனி. அதுக்கு முன்னாடி டிங்கரிங், பட்டி, பெயிண்ட், லைட்டுனு ஒரு முப்பதாயிரம் இழுக்கும். வித்தா 45,000 தர்றேன்னு ஒருத்தர் சொல்லிட்டிருக்கார். கணக்குப் போட்டா பைத்தியக்காரத்தனம். கணக்கை எழுதின பேப்பரை அப்பா டைரிக்குள்ளயே வெச்சு மூடிட்டேன்.

7 செப்டம்பர்

இ20, அதான் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பத்தி ஆளாளுக்குக் கேட்டிருக்கீங்க. எத்தனால்ல பெட்ரோலை விட லிட்டருக்கு மூணுல ஒரு பங்கு சத்து கம்மி, அஞ்சுல ஒரு பங்கு அது கலந்தா மொத்தத்துல ஆறேழு சதவீதம் குறையும். ஏற்கெனவே பத்து சதவீதம் கலந்ததைத்தானே ஓட்டிட்டிருந்தோம், அதோட ஒப்பிட்டா மூணு, நாலு. மைலேஜ் பாதியாயிருச்சுன்னு சொல்றவங்க முதல்ல டயர்ல காத்துப் பாருங்க.

எனக்குப் பயம் ரப்பர்தான். போன மாசம் ஷெட்டுக் கதவைத் திறந்தா குப்புன்னு பெட்ரோல் வாடை. பானெட்டைத் தூக்கிப் பாத்தா பெட்ரோல் ஹோஸு கிளிப்புக்குப் பக்கத்துல விரலை வெச்சா ஒட்டுது, வேகவெச்ச சேமியா மாதிரி கொழகொழன்னு. மெக்கானிக் அண்ணன்கிட்ட எத்தனாலாலதானான்னு கேட்டேன். "இருபத்துநாலு வருஷத்து ரப்பருங்க சார், யாரைக் குத்தம் சொல்றது"ன்னுட்டு மொத்த ஹோஸையும் மாத்திவிட்டார். கேட்டவர் ஜென்னும் அந்த வயசுதான், வாடை வருதோ இல்லையோ மாத்திருங்க. இது சிக்கனம் பாக்கற இடமில்ல, தீப்பிடிக்கற சமாச்சாரம்.

23 செப்டம்பர்

நேத்துல இருந்து ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சு. நாலு மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள பெட்ரோல் வண்டிக்கு 18 சதவீதம், பெரிய வண்டிக்கு 40. நான் ஆகஸ்ட்ல "எடுக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னேன், ஜென்னையே கட்டிட்டு அழுங்கன்னு சொல்லல. 13 லட்சம் கைல இருக்கறவர் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல போட்டா புது குட்டிக் காரே, ஆறு ஏர்பேக்கோட வீட்டு வாசலுக்கு வரும். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். ரெண்டு வண்டியும் வெச்சிருக்கறவனுக்கு மூணாவது வண்டி கண்ணுல படறதில்ல.

19 அக்டோபர்

இதை எழுதலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். தீபாவளிக்குத் துணி எடுத்துட்டு போன ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ல இருந்து ஜென்லதான் திரும்பினோம். நான், வீட்டுக்காரம்மா, பின்னாடி அம்மாவும் பொண்ணும். நல்ல மழை. முன்னாடி ஒரு டிராக்டர், பின்னாடி டிரெய்லர்ல சோளத்தட்டுக் கட்டு, லைட்டும் இல்ல ரிஃப்ளெக்டரும் இல்ல. ஜென்னோட ஹெட்லைட்டு மழையில அகல் விளக்கு மாதிரிதான், தட்டு கண்ணுக்குத் தெரிஞ்சப்ப முப்பது அடிதான் இருந்திருக்கும். பிரேக்கை மிதிச்சேன், சக்கரம் நாலும் பூட்டிக்கிச்சு, வண்டி நிக்கல, சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிட்டே போகுது. ஸ்டியரிங் திருப்பினா திரும்பல. பிரேக்கை விட்டு விட்டு மிதிச்சேன், எப்பவோ அப்பா சொல்லிக் குடுத்தது, கால் தானாப் பண்ணுச்சு. தட்டு பானெட்டு மேல உரசற தூரத்துல நின்னுச்சு. அம்மா ஒண்ணும் பேசல. வீடு வந்து இறங்கறப்ப "கண்ணு, மழைல அந்தப் பெரிய காரை எடுத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னாங்க. அம்மாதான் எப்பவும் பெரிய கார்ல ஏறினா தலை சுத்துதுன்னு ஜென்னைக் கேக்கறவங்க.

ஏபிஎஸ், அதான் பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற அமைப்பு, நம்ம நாட்டுல எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரல்ல. டிரைவர் ஏர்பேக் அதே வருஷம் ஜூலைல. ஜென் உற்பத்தி நின்னதே 2006ல, என் வண்டில இது ரெண்டுமே கிடையாது. இதைத் தெரிஞ்சேதான் நான் இருபத்துநாலு வருஷமா "சூப்பர் வண்டி"ன்னு சொல்லிட்டிருந்தேன். சூப்பர் வண்டிதான். ஆனா ஹைவேல நாலு பேரை ஏத்திட்டு ராத்திரி ஓட்டற வண்டி இல்ல. செடான் ஓட்டறப்ப எனக்கு இருக்கற பயமெல்லாம் கீறல், குழி, பில்லு, அவ்வளவுதான். அன்னைக்கு வந்த பயம் வேற. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சு இத்தனை நாள் எழுதிட்டிருந்தேன்.

20 அக்டோபர்

தீபாவளி வாழ்த்து. அந்தக் கதையைப் படிச்சுட்டு "ஓட்டத் தெரியலைன்னு சொல்லுங்க"ன்னு எழுதினவருக்கும் வாழ்த்து.

2 நவம்பர்

கேட்டவர் தனியா எழுதியிருந்தார், இங்க போடச் சொன்னதால போடறேன். டெல்லி வண்டியைப் போய்ப் பாத்திருக்கார். பெல்ட்டை இழுத்தா பாதில மண் நிறத்துல ஒரு கோடு. புரோக்கர் "அது டீ கொட்டினதுங்க"ன்னாராம். நாலு சீட்டுலயும் ஒரே உயரத்துக்கு டீ கொட்டியிருக்கு. ஆள் திரும்பி வந்துட்டார். இப்போதைக்குப் புதுக் குட்டிக் காருக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கார், ஜென் கடைக்குப் போய்ட்டு வர அப்படியே இருக்குமாம். கலர் என்னன்னு அஞ்சு பேர் கேட்டிருக்கீங்க, வெள்ளை.

16 நவம்பர்

கடைசியா ஒண்ணு. மூணு வாரம் ஊர்ல இல்ல. வந்து செடானைத் திறக்கப் போனா ரிமோட்டுக்கு அசைவே இல்ல, பேட்டரி செத்துருச்சு. பேட்டரி இருக்கறது டிக்கில. டிக்கி திறக்கறது கரண்ட்டுல. சிரிக்காதீங்க. ரிமோட்டுக்குள்ள ஒரு குட்டிச் சாவி ஒளிஞ்சிருக்கு, அதை எடுத்துக் கைப்பிடி மூடியைக் கழட்டி டிரைவர் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கினா உள்ள சிவப்பு மூடி போட்டு ஜம்ப் பண்ண ஒரு முனை குடுத்திருக்கான். அது வரைக்கும் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம், மேனுவலை வீட்டுக்காரம்மா படிக்க நான் தேட.

ஜென்னை மூக்கோட மூக்கு வெச்சு நிறுத்தினேன். அதுவும் மூணு வாரம் நின்னதுதான், ரெண்டாவது செல்ப்ல பிடிச்சுக்கிச்சு. கேபிள் மாட்டி உடனே அடிச்சா செடான் ஒரு முனகல் முனகிட்டு நின்னுருச்சு, குட்டிப் பேட்டரி பாவம் எவ்வளவுதான் தரும். பொண்ணை ஜென்ல உக்காரவெச்சு ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சுட்டே இருன்னு சொல்லி அரை மணி நேரம் விட்டேன், அப்புறம் அடிச்சதும் உறுமிட்டு எந்திரிச்சுச்சு. டேஷ்போர்டுல பதினோரு எச்சரிக்கை, ஒவ்வொண்ணா அணைஞ்சுது, டிபிஎஃப் லைட்டு மட்டும் நிக்குது. இன்னைக்கு ராத்திரி செங்கப்பள்ளி.

ஜம்பர் கேபிள் 450 ரூபா, டவுன்ஹால் பக்கம் வாங்கினது. இன்னொண்ணு வாங்கி ரெண்டு வண்டிலயும் போட்டுட்டேன். செடானோடதை டிக்கில வெக்கல, சீட்டுக்கு அடில.